ஈறு ஒட்டு ஆபரேஷனுக்கு அப்புறம் லேசர் வச்சது: குலசேகரம் பக்கத்துப் பால்வெட்டுக்காரங்க ஒருத்தரோட கேஸ்

பின்னணி

நாகர்கோவில்ல ஒரு சின்ன பல் கிளினிக்ல நடந்த கேஸ் இது. நான் அங்க ஈறு சம்பந்தப்பட்ட வேலை மட்டும் பாக்குறேன். பேஷன்ட்கிட்ட கேட்டு அவங்க சரின்னு சொன்ன பிறகுதான் எழுதுறேன், பேரு தேவையில்ல. குலசேகரத்துக்கு மேல மலைப்பக்கம் வீடு, நாப்பது தாண்டின அக்கா, அவங்களும் வீட்டுக்காரரும் ரப்பர் தோட்டத்துல பால்வெட்டுக்குப் போறவங்க.

ஈறு ஒட்டுன்னா வாய்க்குள்ள வேற இடத்துல இருந்து தோல் எடுத்து, ஈறு இறங்கின இடத்துல வச்சுத் தைக்குறது. இதை எழுதணும்னு தோணினதுக்குக் காரணம், இப்போ ஈறு ஆபரேஷன்னு சொன்னாலே பாதிப்பேர் "லேசர்ல பண்ணுவீங்களா"ன்னுதான் முதல்ல கேக்குறாங்க. கத்தி வேண்டாம், தையல் வேண்டாம், வலியே இருக்காதுன்னு எங்கேயோ விளம்பரத்துல பாத்துட்டு வர்றாங்க. இந்தக் கேஸ்ல லேசர் வச்சோம், பேஷன்ட் நல்லா ஆனாங்க, ஆனா லேசரால எவ்வளவு ஆச்சு, மத்ததால எவ்வளவு ஆச்சுன்னு பிரிச்சுப் பாத்தா கணக்கு வேற மாதிரி வருது.

வந்தப்போ இருந்த நிலைமை

அவங்க சொன்ன பிரச்சினை ரொம்ப சாதாரணமா ஆரம்பிச்சுது. கீழ் முன்பல் ரெண்டும் "நீளமாட்டு" தெரியுது, பச்சத்தண்ணி பட்டா கூசுது, பல் தேய்க்கும்போது அந்த இடத்துல மட்டும் எரியுது. ரெண்டு மூணு வருஷமா இப்படித்தானாம், பக்கத்துல ஒருத்தர் கிளீனிங் பண்ணிவிட்டாராம், அதுக்கப்புறம் கூச்சம் இன்னும் கூடிப்போச்சுன்னு அவங்களுக்கு ஒரு நினைப்பு (காரை எடுத்ததும் அடியில மறைஞ்சு கிடந்த வேர் வெளிய வந்திருக்கும், அதனால கூடின மாதிரி தெரியும், இது எல்லா ஊர்லயும் கேக்குற புகார்தான்).

என்ன வச்சு பல் தேய்ப்பீங்கன்னு கேட்டேன். சின்ன வயசுல இருந்தே உமிக்கரியும் உப்பும், விரல் வச்சு பக்கவாட்டுல நல்லா அழுத்தித் தேய்ச்சாத்தான் அவங்களுக்குத் தேய்ச்ச மாதிரி இருக்குமாம். பால்வெட்டுக்கு விடியுமுன்ன கிளம்பணும்ல, அந்த இருட்டுல கண்ணாடி எங்க பாக்க. உமிக்கரின்னா கருக்கின உமி, அதுல சிலிக்கா நிறைய இருக்கு, வேர்ப்பகுதிக்கு மேல எனாமல் கிடையாது, அதனால வருஷக்கணக்கா உரசினா வேர் தேயும், மெல்லிசான ஈறு கீழ இறங்கும். இடது முன்பல்லோட வேர்ல ஒரு பள்ளமே விழுந்திருந்துச்சு, புரோபோட (ஈறை அளக்குற மெல்லிசான கம்பி) முனையை மெதுவா மேலிருந்து இறக்கிட்டு வந்தா அந்த இடத்துல டக்குனு மாட்டி நிக்கும்.

அளந்து பாத்ததுல இடது பல்லுல ஈறு 4 மில்லிமீட்டர் இறங்கியிருந்துச்சு, வலதுல 3. இடதுல பல்லோட ஒட்டி உறுதியா இருக்க வேண்டிய கெட்டி ஈறு 1 மில்லிமீட்டருக்கும் கம்மி. அதுக்குக் கீழ உதட்டையும் ஈறையும் இணைக்குற நார் நல்லா மேல ஏறி வந்து ஒட்டியிருந்துச்சு, கீழ் உதட்டைப் பிடிச்சு லேசா இழுத்தா ஈறு விளிம்பு அப்படியே வெளுத்து பல்லை விட்டு விலகுறது கண்ணுக்குத் தெரியும். பல் ஆட்டம் இல்ல, ஈறுப்பை (ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல உள்ள இடைவெளி) ஆழம் 2 மில்லிமீட்டர்தான், எக்ஸ்ரேல ரெண்டு பல்லுக்கும் நடுவுல எலும்பு நல்லா இருந்துச்சு. 2011ல கெய்ரோ குழு கொடுத்த வகைப்பாட்டுல இதை ஆர்டி 1ன்னு எழுதுவோம், அதாவது ஈறு இறங்கியிருக்கு, ஆனா பல்லுக்கு நடுவுல இழப்பு இல்ல. சுகர் பாத்தோம், பிரச்சினை இல்ல. பீடி சிகரெட் கிடையாது, எப்பயாவது வெத்தில பாக்கு, புகையில இல்லாம.

ஒட்டு வைக்கலாம்னு ஏன் முடிவு பண்ணோம்

முதல்ல உமிக்கரியை நிறுத்திட்டு, சாஃப்ட் பிரஷ் கொடுத்து ரெண்டு மாசம் விட்டுப் பாத்தோம். கூச்சம் குறைஞ்சுது, ஆனா அந்த நார் இழுக்குறது நிக்கல, சிவப்பும் போகல. கெட்டி ஈறு இல்லாத இடத்துல பிரஷ் பட்டாலே வலிக்கும், வலிக்குதுன்னு அந்த இடத்தை விட்டுட்டுத் தேய்ப்பாங்க, அழுக்கு சேரும், ஈறு இன்னும் இறங்கும். அதனால மேலண்ணாக்குல (வாயோட மேல்கூரை) இருந்து ஒரு பட்டைத் தோல் எடுத்து கீழ ஒட்டுற ஃப்ரீ ஜிஞ்சிவல் கிராஃப்ட்னு முடிவு பண்ணோம். இந்த முறை 1960கள்ல இருந்தே இருக்கு, பழசுதான், ஆனா கீழ் முன்பல்லுல கெட்டி ஈறைக் கூட்டணும்னா இன்னைக்கும் நம்பிச் செய்யலாம்.

உள்தோலை மட்டும் எடுத்து வைக்குற கனெக்டிவ் டிஷ்யூ கிராஃப்டும் யோசிச்சோம். அதுல அண்ணாக்கை மூடித் தையல் போட்டுரலாம், வலி கம்மி, கலரும் நல்லா ஒத்துப்போகும். ஆனா இவங்களுக்கு உதட்டுப்பக்க ஆழமே கம்மி, நார் வேற இழுக்குது, அழகைவிட உறுதியான ஈறு வேணும்னு முதல்ல சொன்ன ஃப்ரீ ஜிஞ்சிவல் கிராஃப்டுக்கே போனோம். ஒட்டின இடம் சுத்தி இருக்குற ஈறைவிட வெளிறித் தெரியும்னு போட்டோ காட்டியே சொல்லிட்டோம், "கீழ உதட்டைத் தூக்கி யாரு பாக்கப்போறா"ன்னு சிரிச்சாங்க.

இந்த ஆபரேஷன்ல ஒட்டின இடம் பெருசா வலிக்காது, எடுத்த இடம்தான் வலிக்கும். அண்ணாக்குல தோல் சீவின புண் திறந்தே கிடக்கும், ஓரத்துல இருந்து தோல் வளந்து வந்து தானா மூடணும், அதுக்கு ரெண்டுல இருந்து நாலு வாரம் எடுக்கும், அதுவரைக்கும் சோறும் குழம்பும் நாக்கும் அதுமேலதான் போய்ட்டு வரும்.

லேசர் பத்தி நடந்த பேச்சு

அவங்க மகள் காலேஜ் படிக்கிற பிள்ளை, "லேசர்லயே பண்ணிரலாமே டாக்டர்"னு கேட்டா. லேசர்ல ரெண்டு விதமா வேலை இருக்குன்னு சொன்னேன். பவர் கூட்டி வச்சா திசுவை வெட்டும், கருக்கும். பவரை ரொம்பக் குறைச்சு, முனையைத் தள்ளிப் பிடிச்சு வெளிச்சத்தை மட்டும் விழ விட்டா சூடே தெரியாது, வெட்டாது, அதை ஃபோட்டோபயோமாடுலேஷன்னு சொல்றாங்க, முன்ன லோ லெவல் லேசர்னு சொல்வாங்க. நாங்க சொல்றது இந்த ரெண்டாவது. ஒட்டு எடுக்குறதும் தைக்குறதும் பிளேடும் நூலும்தான்.

கொஞ்சம் கதை: 1967ல ஹங்கேரியில எண்ட்ரே மெஸ்டர்ங்கிற டாக்டர் ரூபி லேசரால கேன்சர் வருமான்னு பாக்க, சுண்டெலி முதுகுல முடியைச் சிரைச்சு லேசர் அடிச்சாரு. கேன்சர் வரல, லேசர் பட்ட எலிக்கு முடி சீக்கிரமா முளைச்சுது. அங்க இருந்துதான் இந்தச் சமாச்சாரமே. சிவப்பு வெளிச்சமும் அதுக்கு அடுத்து கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட்டும், சுமாரா 600ல இருந்து 1000 நானோமீட்டர் வரை, செல்லுக்குள்ள மைட்டோகான்ட்ரியாவுல இருக்குற சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ்ங்கிற என்சைம்ல உறிஞ்சப்படுது, அதனால செல்லுக்கு சக்தி தர்ற ஏடிபி கூடுது, நைட்ரிக் ஆக்சைடு வெளிய வருது, ரத்த ஓட்டம் கூடுதுன்னு விளக்கம் சொல்றாங்க. அளவு கூடினா பலன் கூடாது, ஒரு எல்லைக்கு மேல போனா எதிர்மாறா செல்லை மந்தமாக்கும். "இன்னும் ரெண்டு நிமிஷம் சேத்து வைங்க"ன்னு கேக்குறவங்களுக்கு நான் சொல்ற பதில் இதான்.

கேன்சருக்கு ரேடியேஷன், கீமோ எடுக்குறவங்களுக்கு வாய்ப்புண் வராம தடுக்க இந்த லேசரை சர்வதேச கைட்லைன்லயே சேத்திருக்காங்க, அங்க ஆதாரம் பலமா இருக்கு. ஈறு ஒட்டு விஷயத்துல அப்படி இல்ல. அண்ணாக்குப் புண் கொஞ்சம் சீக்கிரம் மூடுதுன்னு சொல்ற ஆய்வுகள் இருக்கு, வலியில சில ஆய்வுல வித்தியாசம் தெரியுது, சிலதுல தெரியல, ஒவ்வொருத்தரும் வேற வேற மெஷின், வேற வேற அளவு. ஒட்டு நல்லாப் பிடிக்குறதுக்கோ சுருங்காம இருக்குறதுக்கோ லேசர் உதவும்னு உறுதியா சொல்ற அளவுக்கு இல்ல. இதை அவங்ககிட்ட அப்படியே சொன்னேன். அதனாலதான் லேசருக்குத் தனியா காசு போடல. மெஷின் கிளினிக்ல வேற வேலைக்குன்னு வாங்கினது, அது பாட்டுக்கு இருக்கு.

பிளான் இப்படி: ஆபரேஷன் முடிஞ்ச உடனே ஒரு தடவை, அப்புறம் ரெண்டாம் நாள், நாலாம் நாள், ஏழாம் நாள். ஆபரேஷனுக்கு ஐப்பசி மாசத்தை அவங்களேதான் தேர்ந்தெடுத்தாங்க, மழையில பால்வெட்டு நின்னுரும், சும்மா வீட்ல இருக்குற நாள்ல வாய்க்கு லீவு கொடுத்துரலாம்னு கணக்கு. கணக்கு சரிதான். பால்வெட்டை நிறுத்துற அதே மழை பஸ்ஸையும் நிறுத்தும், அது பின்னாடி வரும்.

ஆபரேஷன் அன்னைக்கு

திங்கக்கிழமை காலையில பண்ணோம். அதுக்கு முந்தின வாரமே மேல்பல்லுக்கு அளவெடுத்து, அண்ணாக்கை மூடுற மாதிரி ஒரு தெளிவான பிளாஸ்டிக் தட்டு செஞ்சு வச்சாச்சு.

மரத்துப்போற ஊசி போட்டு, கீழ நாரை விடுவிச்சு ஒட்டுக்கு இடம் தயார் பண்ணி, அண்ணாக்குல கோரைப்பல்லுக்குப் பின்னாடியில இருந்து முதல் கடவாய்ப்பல் வரைக்கும் உள்ள இடத்துல 15க்கு 7 மில்லிமீட்டர்ல ஒரு பட்டை, கனம் ஒண்ணரை மில்லிமீட்டர் சுமாரா, எடுத்தோம். பின்னாடி ரொம்பப் போனா பெரிய ரத்தக்குழாய் இருக்கு, முன்னாடி ரொம்ப வந்தா அண்ணாக்கு மடிப்பு ஒட்டுல அப்படியே வந்துரும், அதனால அந்த இடம்தான் தோது. கீழ வச்சு அஞ்சு நிமிஷம் ஈரப்பஞ்சால அழுத்திப் பிடிச்சு, நூல் போட்டு அசையாம கட்டினோம். ஒட்டுக்கும் அடிக்கும் நடுவுல ரத்தம் தேங்கினா ஒட்டு செத்துப்போகும், முதல் ரெண்டு மூணு நாள் அதுக்குத் தனி ரத்தக்குழாய் கிடையாது, அடியில ஊறுற நீரை வச்சுத்தான் உயிரோட இருக்கும். அண்ணாக்குப் புண்ணுல கொலாஜன் ஸ்பாஞ்ச் (ரத்தம் நிக்க உதவுற, தானா கரையுற பஞ்சு) வச்சு குறுக்கும் நெடுக்குமா தையல், அதுக்கு மேல அந்தத் தட்டு.

தட்டு மாட்டுறதுக்கு முன்னாடி லேசர். டயோட் வகை லேசர், 810 நானோமீட்டர், 0.1 வாட், ஒரு சதுர சென்டிமீட்டர் அளவுக்கு வெளிச்சம் விழுற முனை, ஒரு இடத்துக்கு 40 செகண்ட், அதாவது 4 ஜூல். அண்ணாக்குல ரெண்டு இடம், ஒட்டுல ரெண்டு இடம். மொத்தமா மூணு நிமிஷம்கூட ஆகல. பேஷன்ட், நான், அசிஸ்டென்ட் மூணு பேருக்கும் அந்த அலைநீளத்துக்குன்னு உள்ள கண்ணாடி, மகளை வெளிய இருக்கச் சொல்லிட்டோம். இன்ஃப்ராரெட் கண்ணுக்குத் தெரியாததால யாரும் பயப்பட மாட்டாங்க, அதான் ஆபத்தே. சாதாரணக் கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு நிக்குறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல.

ஐபுப்ரோஃபென், பாராசிட்டமால் ரெண்டும் எழுதிக் கொடுத்து, மூணு நாள் வலி இருந்தாலும் இல்லாட்டியும் நேரத்துக்குப் போடச் சொன்னோம். சாப்பாட்டுக்கு ஆறின கஞ்சி, மட்டிப்பழம் மசிச்சது, பாலுல ஊறப்போட்ட ஆப்பம், காரம் போடாத மீன் சாறு. இளநீ குடிக்கலாம், ஆனா ஸ்ட்ரா வச்சு உறிஞ்சக்கூடாது, டம்ளர்ல ஊத்திக் குடிங்கன்னேன். வெத்தில கூடவே கூடாது. தினம் ராத்திரி வலிக்கு பூஜ்ஜியத்துல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் எழுதணும், மேலண்ணாக்குக்கு ஒண்ணு, கீழ ஒட்டுக்கு ஒண்ணு. அந்த நம்பரெல்லாம் தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கம் மகள் கையெழுத்துல வந்துச்சு, முன்பக்கம் ராகுகாலம் எமகண்டம், பின்பக்கம் "மேல 6, கீழ 3".

முதல் வாரம்

திங்க ராத்திரி மேல 6, கீழ 3. செவ்வாய் மேல 5, கீழ 3. போன்ல அக்கா சொன்னது, "கீழ ஒண்ணுமே இல்ல டாக்டரே, மேல அண்ணாக்குதான் மொளகாப்பொடி தேச்சாப்புல எரியுது."

புதன் ரெண்டாம் நாள், வந்தாங்க. வீட்டுல இருந்து குலசேகரம் ஒரு பஸ், அங்க இருந்து நாகர்கோவிலுக்கு இன்னொரு பஸ். கீழ ஒட்டு வெளிறிப்போய் இருந்துச்சு, அது அந்த நாளுக்கு எதிர்பாத்ததுதான், அசைவு இல்ல. வரும்போது மேல 5. லேசர் வச்சு அனுப்பினோம். சாயங்காலம் மேல 2.

இந்த ரெண்டைப் பாத்துட்டு வீடே லேசரைப் புகழ ஆரம்பிச்சுருச்சு. வலிதான் போச்சேன்னு அக்கா ராத்திரி மாத்திரையையும் போடல, மறுநாள் காலையிலயும் போடல. வியாழன் சாயங்காலம் மேல 4. நான் பிறகு உக்காந்து விசாரிச்சப்போதான் தெரிஞ்சுது, புதன்கிழமை பஸ்ல வரும்போது பத்து மணிக்கு மாத்திரை போட்டிருக்காங்க, லேசர் வச்சது பதினொண்ணரைக்கு. ஐபுப்ரோஃபென் ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல உச்சத்துக்கு வர்ற மருந்து. அப்போ அந்த 2ங்கிற நம்பர் லேசரோடதா மாத்திரையோடதா? ரெண்டும் சேந்திருக்கலாம். ஆனா மாத்திரையை நிறுத்தினதும் திரும்ப 4க்கு ஏறினதைப் பாத்தா, மாத்திரைக்குப் பெரிய பங்கு இருக்குன்னுதான் நான் எடுத்துக்கிறேன்.

வெள்ளி நாலாம் நாள், மூணாவது லேசருக்கு வரணும். விடியக்காலம் இருந்து அடிச்ச மழையில மரம் ரோட்டுல சாய்ஞ்சு அவங்க பக்கத்து பஸ் வரல. காலையில மகள் கூப்பிட்டு "ஆட்டோ பிடிச்சு வரட்டா"ன்னு கேட்டா. வேண்டாம்னு சொல்லிட்டேன். மூணு நிமிஷ வெளிச்சத்துக்காக அந்த மழையில ஒட்டு வச்ச வாயோட குலுங்கிக் குலுங்கி வர்றதுல லாபம் ஒண்ணும் இல்ல, ஆட்டோ காசு அவங்க ஒரு நாள் கூலிக்கு மேல போகும். மாத்திரையைத் திரும்ப ஒழுங்காப் போடச் சொன்னேன். பகல்ல மேல 3.

வெள்ளிக்கிழமை ராத்திரி ரத்தம் வந்தது

ஒன்பது மணி வாக்குல அவங்க வீட்டுக்காரர் போன். "டாக்டரே, வாயி நெறைய ரத்தமாட்டு வருது, துப்பத் துப்ப வருது, என்ன செய்யணும் சொல்லுங்கோ."

நடந்தது என்னன்னா, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி தட்டைக் கழட்டிக் கழுவி வச்சவங்க, நாலு நாள் ஆச்சே, ஒரு வேளை தட்டில்லாம நிம்மதியாச் சாப்பிடலாம்னு அப்படியே உக்காந்துட்டாங்க. புட்டும் பயறும் பப்படமும். அக்கா புட்டு மட்டும்தான் எடுத்திருக்காங்க, மாமியார்தான் "சும்மா சப்புன்னு எப்படி உள்ள போகும்"னு பப்படத்தை நொறுக்கிப் போட்டிருக்காவ. பப்படத்தோட ஒரு விளிம்பு புண்ணு ஓரத்தைக் கீறியிருக்கு, ரத்தத்தைப் பாத்து பயந்து வாய் கொப்பளிச்சுக்கிட்டே இருந்திருக்காங்க, கொப்பளிக்கக் கொப்பளிக்க ரத்தம் உறையவே இல்ல.

கொப்பளிக்குறதை முதல்ல நிறுத்துங்க, படுக்க வைக்காம உக்கார வைங்க, நாங்க கொடுத்த காஸை நனைச்சுப் பிழிஞ்சு மடிச்சு அந்த இடத்துல வச்சு கட்டைவிரலால மேல்நோக்கி இருபது நிமிஷம் அழுத்துங்க, நடுவுல எடுத்து எடுத்துப் பாக்கக்கூடாது, மணியைப் பாருங்கன்னு சொன்னேன். அப்படியும் நிக்காட்டி விடியட்டும்னு காத்திருக்க வேண்டாம், ஜீப்போ எதுவோ பிடிச்சு ஆசாரிப்பள்ளம் பெரியாஸ்பத்திரிக்கு நேரா வந்துருங்க, நானும் வந்துடுறேன்னு சொல்லி வச்சேன். இருபது நிமிஷம் கழிச்சு நானே கூப்பிட்டேன். நின்னுருச்சு. தட்டைத் திரும்ப மாட்டச் சொன்னேன், அதுவே ஒரு அழுத்தம்தான். அன்னைக்கு ராத்திரி காலண்டர் தாள்ல மேல 7.

சனிக்கிழமை மழை விட்டுச்சு, வந்தாங்க. ரத்தம் உறைஞ்சு நல்லா உக்காந்திருந்துச்சு, ஒரு தையல் மட்டும் தளர்ந்து தொங்குச்சு, அதை எடுத்தோம். லேசர் வைக்கலாமா வேண்டாமான்னு அப்போ ஒரு யோசனை. ரத்த ஓட்டத்தைக் கூட்டும்னு சொல்ற ஒரு விஷயத்தை, பன்னெண்டு மணி நேரம் முன்ன ரத்தம் வந்த புண்ணுல வைக்குறது சரியா? அரை மணி நேரம் உக்கார வச்சு, பஞ்சுல துளி கறைகூட இல்லன்னு பாத்த பிறகு அதே 4 ஜூல் கணக்குல வச்சோம், கூட்டவும் இல்ல குறைக்கவும் இல்ல. சாயங்காலம் 3, ஞாயிறு 2, திங்க 1.

அந்த நேரத்துல இன்னொரு பயமும் வந்துச்சு. மாமியார் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு "மேல சீழு வச்சிரிக்கி"ன்னு சொல்லி வீட்ல எல்லாரும் கலங்கிட்டாங்க. போட்டோ அனுப்பச் சொல்லிப் பாத்தா, புண்ணு மேல படிஞ்ச மஞ்சளும் வெள்ளையுமான ஃபைப்ரின் படலம் (ரத்தம் உறையும்போது உண்டாகுற புரதம்). நாத்தம் இல்ல, காய்ச்சல் இல்ல, வலி இறங்கிட்டு வருது, அப்போ அது சீழ் இல்ல. அதைப் பஞ்சு வச்சுத் துடைச்சு எடுக்கப் பாத்தாத்தான் வம்பு.

ஏழாம் நாள் லேசரை நாங்களே விட்டுட்டோம். சனிக்கிழமைதான் வந்துட்டுப் போனாங்க, வலி 1, எதுக்கு இன்னொரு நாள் அலையணும். ஆக நாலுக்குப் பதிலா மூணு.

அதுக்கப்புறம்

பத்தாம் நாள் தையல் எடுத்தோம். ஒட்டோட மேல்தோல் வெள்ளையா உரிஞ்சு போய் அடியில சிவப்பும் ரோசுமா புதுசு வந்திருந்துச்சு, விரலால மெல்ல நகட்டினா நகரல. பதினாலாம் நாள் அண்ணாக்குல 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு தொட்டு வச்சுப் பாத்தோம், தோல் மூடாத இடத்துல நுரை வரும், மூடின இடத்துல வராது. பின்பக்க ஓரத்துல, பப்படம் கீறின இடத்துலயேதான், ஒரு பொட்டு அளவுக்கு நுரை வந்துச்சு, மத்த இடமெல்லாம் சுத்தம். மூணு வாரத்துல அதுவும் இல்ல. லேசர் வைக்காதவங்களுக்கும் இந்தக் கணக்குலயே மூடுறதை நான் நிறையப் பாத்திருக்கேன், அதனால இதை வச்சு லேசர் சீக்கிரம் ஆத்திருச்சுன்னு எழுத முடியாது. நடுவுல ஒரு ரத்தக்கசிவு வந்தும் தள்ளிப்போகலங்கிறதை வேணா குறிச்சு வைக்கலாம்.

அண்ணாக்குல அந்த இடம் மட்டும் ஒரு மாசத்துக்கு மேல கொஞ்சம் மதமதன்னு இருந்துச்சு, அப்புறம் சரியாச்சு. மூணு மாசத்துல ஒட்டு 7ல இருந்து 5 மில்லிமீட்டரா சுருங்கியிருந்துச்சு, இந்த வகை ஒட்டு மூணுல ஒரு பங்கு சுருங்குறது வழக்கம், லேசர் அதைத் தடுக்கல. இடது பல்லுல இறக்கம் 4ல இருந்து இரண்டரையா வந்திருக்கு. வேரை முழுசா மூடுறது இந்த ஆபரேஷனோட நோக்கமே இல்ல, உதட்டை இழுத்தா ஈறு அசையாம நிக்கணும், அது நின்னுது. பிரஷ் போட்டா வலி இல்ல. தை மாசத்துல இருந்து பால்வெட்டுக்குப் போறாங்க, வீட்ல உமிக்கரி டப்பா மாமியாருக்கு மட்டும்.

இனிமே எதை மாத்துறோம்

வலி எழுதுற தாள்ல மாத்திரை போட்ட நேரத்தையும் எழுதச் சொல்றோம். அது இல்லாம லேசர் வலியைக் குறைச்சுதுன்னு யார் சொன்னாலும், அது நானா இருந்தாலும், நம்புறதுக்கில்ல. லேசர் வச்ச அன்னைக்கு நல்லா இருக்குன்னு மாத்திரையை விடக்கூடாதுன்னு இப்போ வாயால சொல்றதோட எழுதியும் கொடுக்குறோம்.

தூரத்துல இருந்து வர்றவங்களுக்கு லேசருக்குன்னே தனியா வரச் சொல்றதில்ல. ஆபரேஷன் முடிஞ்ச கையோட ஒண்ணு, எப்படியும் ஒட்டு உயிரோட இருக்கான்னு பாக்க ரெண்டாம் மூணாம் நாள் வரணும், அப்போ ஒண்ணு, அவ்வளவுதான். நாகர்கோவில், சுங்கான்கடை, கோட்டார்னு பக்கத்துல இருக்குறவங்க விருப்பப்பட்டா நாலு தடவையும் வரட்டும். பத்துகாணியில இருந்தோ பேச்சிப்பாறையில இருந்தோ ஒருத்தர் மூணு நிமிஷத்துக்காக அரை நாளைத் தொலைக்க வேண்டாம். குறைஞ்ச பவர் லேசர் வச்சிருக்குற டாக்டர் மார்த்தாண்டம், தக்கலை பக்கம் கிடைச்சா அங்க வச்சுக்கச் சொல்லலாம், ஆனா அலைநீளம், பவர், செகண்ட் எல்லாம் சீட்டுல எழுதிக் கொடுக்கணும், "லேசர் வைக்கவும்"னு மட்டும் எழுதினா ஆளாளுக்கு ஒரு அளவு வைப்பாங்க.

மெஷின்ல காட்டுற பவரும் முனையில நிஜமா வர்ற பவரும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல. ஃபைபர் முனை அழுக்கானாலோ கீறல் விழுந்தாலோ பாதிகூட வராது. இப்போ பவர் மீட்டர் வச்சுப் பாத்துட்டுத்தான் வைக்குறோம்.

அந்தப் பிளாஸ்டிக் தட்டைப் பத்தின பேச்சை பேஷன்ட்கிட்ட மட்டும் பேசுறதில்ல, வீட்ல யார் சமைக்குறாங்களோ அவங்களையும் கூப்பிட்டு உக்கார வைக்குறோம். இந்தக் கேஸ்ல நம்பரையெல்லாம் அடுக்கிப் பாத்தா, தட்டு இருந்த நாளெல்லாம் வலி இறங்கிட்டே வந்திருக்கு, மாத்திரையை விட்ட வியாழன் தவிர. தட்டு இல்லாத ஒரே ஒரு ராத்திரி 7க்குப் போச்சு. தட்டு செய்ய ஆகுற செலவு ரொம்பக் கம்மி, அதுக்கு பஸ்ஸும் ஏற வேண்டாம். லேசர் வாங்குற வசதி இல்லாத கிளினிக்ல ஈறு ஒட்டு பண்றவங்க அதை நினைச்சு வருத்தப்பட வேண்டியதில்ல, தட்டும் கொலாஜனும் நேரத்துக்கு மாத்திரையும் இருந்தா முதல் வாரத்தைத் தாண்டிரலாம்.

அக்காவுக்கு மேல் கோரைப்பல் ரெண்டுலயும் ஈறு லேசா இறங்கியிருக்கு, ஒண்ணரை மில்லிமீட்டர் இருக்கும், கெட்டி ஈறு அங்க போதுமான அளவு இருக்கு. "அதுக்கும் ஒட்டு வைக்கணுமா டாக்டரே"ன்னு கேட்டாங்க. இப்போதைக்கு வேண்டாம், சாஃப்ட் பிரஷ்லயே இருங்க, ஆறு மாசத்துக்கு ஒருக்கா அளந்து பாப்போம்னு சொல்லியிருக்கு. அடுத்த அளவு சித்திரையில.